லோயர் ஈஸ்ட் சைடு யூதர்களைச் சேர்த்து வைத்தது எது: தொழுகைக்கூடமா, தையல் தொழிலா, ஊர்ச் சங்கமா?

நெடுவழிப்பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் நியூயார்க்கில் இரண்டு நாள்கள் ஓய்வாகக் கிடைத்தன. மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியான லோயர் ஈஸ்ட் சைடில் சுற்றிவிட்டு எல்ட்ரிட்ஜ் தெருவில் உள்ள பழைய யூதத் தொழுகைக்கூடத்துக்குள் நுழைந்தேன். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் 1887-இல் கட்டித் திறந்தது. பிற்காலத்தில் ஆள் குறைந்து, பெரிய மண்டபம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2007-இல் மீண்டும் திறக்கப்பட்டது. எல்லோரும் அண்ணாந்து வண்ணக் கண்ணாடிச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தரைதான் கண்ணில் பட்டது. மரப்பலகைகளில், இருக்கைகளுக்கு முன்னால், வரிசையாகப் பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. யூதர்கள் வழிபடும்போது முன்னும் பின்னும் அசைந்தபடி நிற்பது வழக்கம். அந்த அசைவில் பல்லாண்டுகள் காலணிகள் உரசி உரசித் தேய்ந்த தடங்கள் அவை. ஒரு பள்ளத்தில் என் காலை வைத்துப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது.

1881-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட பிறகு அங்கே யூதர்கள் மீது நடந்த வன்முறையும், 1882-ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், வயிற்றுப்பாடும் சேர்ந்து விரட்ட, 1924-இல் அமெரிக்கா கதவைச் சாத்தும் வரை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அந்நாட்டுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் முதலில் ஒண்டியது இந்தச் சில தெருக்களில்தான். நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வருவோரைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவில் இறங்கியதும் அதிகாரிகள் அவர்களுடைய பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள் என்கிறார்கள். பெயரும் போய், ஊரும் போய் வந்து நின்ற மக்களைச் சிதறாமல் பிடித்து வைத்தது சமய நம்பிக்கை ஒன்றுதான் என்று அந்தத் தரையைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது. இத்துறையில் படித்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழஞ்சுவடி எழுதியது:

நெடுவழிப்பயணி அவர்களே, முதலில் ஒரு திருத்தம். எல்லிஸ் தீவில் பெயரை மாற்றினார்கள் என்பது பரவலாக நம்பப்படும் கட்டுக்கதை. 1892 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட அந்த நிலையத்தில் அதிகாரிகள் யாருடைய பெயரையும் புதிதாக எழுதவில்லை. ஐரோப்பியத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் எழுதிக் கொடுத்த பயணிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான யிட்டிஷ் உள்ளிட்ட பல மொழிகள் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களும் அங்கே பணியில் இருந்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பின்னாளில் வேலைக்காகவும் பிள்ளைகளின் பள்ளிக்காகவும் தாங்களாகவே மாற்றிக்கொண்டவர்கள். தாத்தா தானே பெயரைச் சுருக்கிக்கொண்டார் என்று சொல்வதைவிட அதிகாரி சுருக்கினார் என்று சொல்வது குடும்பத்துக்கு எளிதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அடுத்து, ஊர் போய்விட்டது என்கிறீர்கள். ஊர் போகவே இல்லை, ஐயா. ஊரை மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஒரே சிற்றூரிலிருந்து வந்தவரை யிட்டிஷில் ‘லாண்ட்ஸ்மான்’ என்பார்கள். நம் மொழியில் ஊர்க்காரர். அந்த ஊர்க்காரர்கள் கூடி அமைத்த சங்கத்துக்கு ‘லாண்ட்ஸ்மான்ஷாஃப்ட்’ என்று பெயர். நியூயார்க்கில் மட்டும் இத்தகைய சங்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பியாலிஸ்டோக், மின்ஸ்க் போன்ற நகரங்களுக்கு மட்டுமல்லாமல், நாம் கேள்விப்பட்டிராத குக்கிராமங்களுக்கும் சங்கம் இருந்தது.

சங்கம் என்றதும் ஆண்டுவிழாவும் பொன்னாடையும் நினைவுக்கு வந்தால் அது தவறான சித்திரம். உறுப்பினர் சந்தா செலுத்துவார். அவர் நோயில் விழுந்து கூலி நின்றுபோனால் சங்கம் வாரந்தோறும் ஒரு தொகை தரும். ஒரு மருத்துவரோடு தலைக்கு இவ்வளவு என்று பேசி வைத்திருப்பார்கள். கூப்பிட்டால் அவர் மாடிப்படி ஏறி வருவார். உறவினர் இறந்து ஏழு நாள் துக்கத்தில் வீட்டோடு உட்கார்ந்தால், இழந்த கூலிக்கு ஈடாகவும் பணம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்லறை நிலம். யூதரை யூதக் கல்லறையில், உரிய சடங்கோடு, தாமதமின்றி அடக்கம் செய்ய வேண்டும். நாதியற்றவர்களை நகராட்சி புதைக்கும் பொதுக்குழியில் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்ற அச்சம் புதிதாக வந்த ஏழைக்கு எப்போதும் இருந்தது. சங்கம் கூட்டாகப் பணம் போட்டு இடுகாட்டில் ஒரு பகுதியை வாங்கி வைத்ததற்கு அந்த அச்சமே காரணம். சமயம் இதில் கலந்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் கடவுளை நம்பாத சோசலிஸ்டுகளும் சங்கத்தில் சேர்ந்தார்கள், சந்தாவும் கட்டினார்கள்.

ஊசிநூல் எழுதியது:

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆடைத் தயாரிப்பில் வேலை பார்த்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். அந்த மக்களைச் சேர்த்து வைத்தது தையல் இயந்திரம். அதே இயந்திரம்தான் அவர்களுக்குள் பகையையும் வளர்த்தது.

ஆர்ச்சர்ட் தெருவில் 97-ஆம் எண் கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. 1863-இல் கட்டியது, 1935 வரை அதில் மாறி மாறிக் குடியிருந்தவர்கள் ஏறத்தாழ 7,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தளத்துக்கு நான்கு குடித்தனம். ஒவ்வொன்றும் மூன்று சிறிய அறைகள், மொத்தம் சுமார் 325 சதுர அடி. தெருவையோ கொல்லையையோ பார்த்த அறைக்கு மட்டும் வெளிக்காற்று. கழிப்பறை தொடக்கத்தில் பின்கட்டில்தான். ஒண்டுக்குடித்தனம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். அதற்குள் ஒரு தையலகத்தையும் வைத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வேலை நடந்த விதம் இதுதான். பெரிய உற்பத்தியாளர் துணியை வெட்டி, கட்டுக் கட்டாகக் கான்ட்ராக்டரிடம் கொடுப்பார். கான்ட்ராக்டர் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த யூதர்தான். அவர் தன் வீட்டு முன்னறையிலேயே நாலைந்து பேரை உட்கார வைப்பார். ஒருவர் இயந்திரம் மிதிப்பார், ஒருவர் ஓட்டுத்தையல் போட்டுக் கொடுப்பார், ஒரு பெண் பொத்தானும் விளிம்பும் கையால் முடிப்பார், ஒருவர் தேய்ப்பார். தேய்ப்புப் பெட்டியைச் சூடாக்க அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், சூலை மாதமானாலும் சரி. அதே அடுப்பில்தான் கான்ட்ராக்டரின் மனைவி சமைப்பார். கூலி உருப்படிக் கணக்கு. சீசன் வந்தால் நள்ளிரவு வரை வேலை, சீசன் முடிந்தால் வாரக்கணக்கில் ஒன்றுமில்லை.

இவ்வளவு மோசமான வேலைக்கு ஏன் போனார்கள் என்றால், அங்கே யிட்டிஷில் பேசலாம், ஆங்கிலம் வேண்டாம். ஊர்க்காரர் கையைப் பிடித்து அழைத்துப் போவார். சில கான்ட்ராக்டர்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் கடையை மூடுவார்கள். ஆகவே சுரண்டியவரும் ஆதரித்தவரும் பல நேரம் ஒரே ஆள்தான். இதைச் சொல்லாமல் சமூக ஒற்றுமை என்று மட்டும் எழுதினால் அது கல்யாணப் பத்திரிகை போலத்தான் இருக்கும்.

1909 நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியன் மண்டபத்தில் தொழிலாளர் கூட்டம் நடந்தது. தலைவர்கள் வரிசையாக மேடை ஏறி, பொறுமையாக இருங்கள் என்று மணிக்கணக்கில் பேசினார்கள். கிளாரா லெம்லிச் என்ற இளம்பெண் எழுந்து, பேச்சுக் கேட்டுக் களைத்துவிட்டோம், பொது வேலைநிறுத்தம் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன் என்று யிட்டிஷில் முழங்கினார். இருபதாயிரவர் எழுச்சி என்று பின்னர் பெயர் பெற்ற போராட்டம் அப்படித் தொடங்கியது. அதில் பெரும்பாலோர் யூதப் பெண்கள். பல நிறுவனங்கள் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை செய்துகொள்ளவில்லை. 1911 மார்ச் 25 அன்று மாலை அங்கே தீப்பிடித்தது. ஒன்பதாம் தளத்தின் ஒரு கதவு பூட்டியிருந்தது. துணி திருடிக்கொண்டு போய்விடக் கூடாது என்று வேலை முடிந்து போகும்போது பைகளைச் சோதிப்பதற்காக ஒரே வழியைத் திறந்து வைப்பது வழக்கம். 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம்பெண்கள். முதலாளிகள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் இருவரும் குடியேறி வந்த யூதர்களே. வழக்கில் அவர்கள் விடுதலையானார்கள்.

நெடுவழிப்பயணி ஐயா கவனிக்க வேண்டிய இன்னொன்று: அன்று சனிக்கிழமை.

நெடுவழிப்பயணி எழுதியது:

கடைசி வரியைப் படித்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன், ஐயா. ஓய்வுநாளில் வேலைக்குப் போன பெண்களைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. பெயர் குறித்த திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் தரையில் விழுந்த பள்ளம் பொய் சொல்லாதே. அத்தனை பேர் அங்கே வந்து நின்றிருக்கிறார்கள். சமயம் வெறும் பின்னணி என்று சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை.

கயல்விழி எழுதியது:

ஒருவர் சமயம் என்கிறார், ஒருவர் சங்கம் என்கிறார், ஒருவர் கூலி என்கிறார். இந்தப் பிரிவினை நாம் போட்டது. அந்தத் தெருவில் இருந்த பெண்களுக்கு அப்படியொரு கோடு இருந்ததாகத் தெரியவில்லை. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

1902 மே மாதம் கோஷர் இறைச்சியின், அதாவது யூத உணவு விதிப்படியான இறைச்சியின், விலை பவுண்டுக்கு 12 சென்ட்டிலிருந்து 18 சென்ட்டாக ஏறியது. மொத்த வணிகத்தைக் கையில் வைத்திருந்த பெருநிறுவனங்கள் விலையை ஏற்ற, முதலில் கசாப்புக் கடைக்காரர்களே கடையடைத்துப் பார்த்தார்கள், பயனில்லை. பிறகு பெண்கள் இறங்கினார்கள். வீடு வீடாகப் போய் இறைச்சி வாங்காதீர்கள் என்று சொன்னார்கள். மீறித் திறந்த கடைகளுக்குள் புகுந்து இறைச்சியைத் தெருவில் வீசி மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். காவலர் தடியடி நடத்தினார்கள், பலரைக் கைது செய்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நம் விவாதத்துக்குத் தேவை. தொழுகைக்கூடங்களுக்குள் சென்று, யூத வேதமான தோராவின் வாசிப்பை நிறுத்தச் சொல்லி, ஆண்கள் மத்தியில் நின்று பேசினார்கள். அநீதிக்கு உள்ளானவர் வாசிப்பை இடைமறித்து நியாயம் கேட்கலாம் என்பது யூதரிடையே பழங்காலத்திலிருந்து வரும் உரிமை. மாடத்தில் தனியே உட்கார வேண்டிய பெண்கள் அந்த உரிமையைக் கையில் எடுத்தார்கள். சில வாரங்களில் விலை 14 சென்ட்டுக்கு இறங்கியது. கோஷர் உணவைத்தான் உண்பேன் என்ற பிடிவாதம் இல்லையென்றால் இந்தப் போராட்டமே இல்லை. வேறு இறைச்சியை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். போராட்டம் இல்லையென்றால் அந்தப் பிடிவாதத்தைக் கட்டிக் காக்கக் காசும் இல்லை. இதைச் சமயம் என்பீர்களா, கூலிப் பிரச்சினை என்பீர்களா?

இன்னொரு பக்கமும் உண்டு. மனைவி மக்களை விட்டுவிட்டுக் காணாமல் போன கணவர்கள் எண்ணிக்கையில் குறைவில்லை. யூதச் சட்டப்படி கணவன் மணவிலக்குப் பத்திரம் தராவிட்டால் மனைவி மறுமணம் செய்துகொள்ள முடியாது. அவர்களைத் தேடிப் பிடிக்க 1911-இல் தனி அமைப்பே தொடங்கப்பட்டது. ‘ஃபோர்வெர்ட்ஸ்’ என்ற யிட்டிஷ் நாளிதழ் ஓடிப்போனவர்களின் படங்களை வரிசையாக அச்சிட்டது. காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் எதிர்வீட்டுக்காரர் முகம் இருக்கலாம். மானம் போகும் என்ற அச்சத்தை இவ்வளவு முறையாகப் பயன்படுத்திய சமூகத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

பழஞ்சுவடி எழுதியது:

கயல்விழி அம்மா ‘ஃபோர்வெர்ட்ஸ்’ பற்றிச் சொன்னதால் தொடர்கிறேன். 1897-இல் தொடங்கிய சோசலிச நாளிதழ் அது. பல பத்தாண்டுகள் ஆபிரகாம் காஹன் அதன் ஆசிரியர். 1906-இல் ‘பிண்டல் பிரீஃப்’, அதாவது கடிதக்கட்டு, என்ற பகுதியைத் தொடங்கினார். வாசகர்கள் தம் வீட்டுச் சிக்கல்களை எழுதுவார்கள், ஆசிரியர் விடை சொல்வார். நாத்திகனான மகன் தந்தையின் மனம் நோகாமலிருக்கத் தொழுகைக்குப் போகலாமா என்பது போன்ற கேள்விகள். அதற்கும் முன்பே, 1903-இல், மகன் பேஸ்பால் என்ற காட்டுத்தனமான ஆட்டத்தை ஆடுகிறான் என்று ஒரு தந்தை முறையிட, படிப்பு கெடாதவரை விளையாடட்டும் என்று காஹன் எழுதினார். யூதச் சமயகுருவான ரப்பியிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் செய்தித்தாளுக்குப் போனதை நெடுவழிப்பயணி அவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். 1912-இல் ஈஸ்ட் பிராட்வேயில் அந்த இதழுக்குப் பத்து மாடிக் கட்டடம் எழுந்தது. முகப்பில் மார்க்ஸ், எங்கெல்ஸ் ஆகியோரின் முகங்களைச் செதுக்கி வைத்தார்கள். இன்று அது விலை உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. மார்க்ஸ் இன்னும் வாசலில்தான் இருக்கிறார்.

ரப்பிகளின் நிலையையும் பாருங்கள். சிதறிக் கிடந்த தொழுகைக்கூடங்களுக்கு ஒரு தலைவர் வேண்டும் என்று 1888-இல் ரஷ்யப் பேரரசின் வில்னா நகரிலிருந்து ஜேக்கப் ஜோசப் என்ற அறிஞரைத் தலைமை ரப்பியாக வரவழைத்தார்கள். செலவுக்காகக் கோஷர் கோழிக்கு முத்திரைக் கட்டணம் விதித்தார்கள். ரஷ்யாவில் அரசு விதித்த இறைச்சி வரியிலிருந்து தப்பி வந்தோம், இங்கேயும் வரியா என்று மக்கள் கொதித்தார்கள். அவர் அதிகாரம் இழந்து, நோயுற்று, 1902-இல் ஏழையாக இறந்தார். இறந்த பிறகு பல்லாயிரம் பேர் திரண்டு வந்தார்கள். கிராண்ட் தெருவில் ஊர்வலம் ஓர் அச்சியந்திரத் தொழிற்சாலையைக் கடந்தபோது மேலிருந்து தண்ணீரும் இரும்புத் துண்டுகளும் வீசப்பட, பெருங்கலவரம் ஆயிற்று. உயிரோடு இருந்தவரை அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்காத ஊர்தான் அன்று அழுதது.

எல்ட்ரிட்ஜ் தெருத் தொழுகைக்கூடத்தின் முதல் தலைவர் செண்டர் யார்முலோவ்ஸ்கி ஒரு வங்கியாளர். கப்பல் பயணச்சீட்டைத் தவணையில் விற்றவர். கனால் தெருவும் ஆர்ச்சர்ட் தெருவும் கூடும் முனையில் 1912-இல் அவருடைய வங்கிக்கு உயர்ந்த கட்டடம் எழுந்தது. அதே ஆண்டில் அவர் இறந்தார். 1914-இல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் அங்கிருந்த உறவினருக்கு அனுப்புவதற்காக எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க ஓடினார்கள். வங்கி மூடப்பட்டது, சிறுசேமிப்புகள் முடங்கின. அந்தத் தரைப் பள்ளங்களில் அவருடையதும் ஒன்றாக இருக்கலாம். அவர் வங்கியில் பணம் போட்ட தையற்காரருடையது பக்கத்துப் பள்ளமாக இருக்கலாம்.

ஊசிநூல் எழுதியது:

பணம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1892-இல் தொடங்கிய எபிரேய இலவசக் கடன் சங்கம் வட்டியின்றிக் கடன் கொடுத்தது. அடமானம் கேட்பதில்லை, பிணைக் கையெழுத்து இருந்தால் போதும். ஏழைச் சகோதரனிடம் வட்டி வாங்காதே என்ற வேதக் கட்டளைதான் அடிப்படை. தள்ளுவண்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் அதில் கடன் வாங்கியவர்கள் ஏராளம். சங்கம் இன்றும் இயங்குகிறது. தொழிலையும் சுரண்டலையும் பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் இந்த இடத்தில் சமயத்துக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன்.

குவீன்ஸ்வாசி எழுதியது:

சில நாள்களாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 1903-இல் வில்லியம்ஸ்பர்க் பாலம் திறந்ததும், மறு ஆண்டு சுரங்க ரயில் ஓடத் தொடங்கியதும், கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் மன்ஹாட்டனை விட்டு நகரின் மற்றப் பகுதிகளான புரூக்ளினுக்கும் பிராங்க்ஸுக்கும் போய்விட்டார்கள். 1924-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் புதிய வரவை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. ஆகவே நீங்கள் வாதிடும் அந்த நெருக்கடியான வாழ்க்கை நாற்பது ஆண்டுக் கதைதான். இப்போது அங்கே போய் அவர்களைத் தேடினால் ஊறுகாய்க் கடையும் சில பெயர்ப்பலகைகளுமே அகப்படும்.

அவர்களைப் பார்க்க வேண்டுமானால் குவீன்ஸ் இடுகாடுகளுக்கு வாருங்கள். நான் இருப்பது மாஸ்பெத்தில் உள்ள மவுண்ட் சீயோன் இடுகாட்டுக்கு அருகில். நடைப்பயிற்சிக்குப் போகும் வழி. பழஞ்சுவடி ஐயா சொன்ன ஊர்ச் சங்கங்கள் வாங்கிய நிலங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வாசலில் கல் தூண் அல்லது இரும்பு வளைவு. அதில் ஊரின் பெயர், சங்கத்தின் பெயர், தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், இடுகாட்டுக் குழுவினர் என்று அத்தனை பேரின் பெயரும் எபிரேய எழுத்திலும் ஆங்கிலத்திலும். பொருளாளர் பெயர் தலைவர் பெயரைவிடப் பெரிதாக இருக்கிற ஒரு தூணும் உண்டு. என்ன சண்டை நடந்ததோ. உள்ளே கற்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன, நடுவில் ஆள் நுழைய இடமில்லை. கட்டடத்தில் இருந்தது போலவே இங்கும் ஒண்டுக்குடித்தனம்தான்.

அந்த ஊர்களில் பலவற்றில் 1941-க்கும் 1944-க்கும் இடையில் ஒரு யூதர்கூட மிச்சமில்லாமல் கொன்றுவிட்டார்கள். போருக்குப் பின் இதே சங்கங்கள் பிழைத்தவர்களுக்கு உதவிப் பணம் அனுப்பின, இறந்தவர்களின் பெயர்களைத் தொகுத்து நினைவுநூல்கள் வெளியிட்டன. இப்போது உறுப்பினர்களும் இல்லாததால் சில வாசல்களில் துரு ஏறிவிட்டது.

டிரையாங்கிள் தீயில் இறந்த பெண்களில் சிலரும் இங்கேதான் இருக்கிறார்கள், தொழிலாளர் வட்டம் என்ற அமைப்பின் பகுதியில். அந்தக் கற்களின் மேல் கூழாங்கற்கள் எப்போதும் இருக்கும். யூதர்கள் கல்லறையில் பூ வைப்பதைவிடக் கல் வைப்பதுதான் வழக்கம். யார் வந்து வைக்கிறார்கள் என்று பல முறை கவனித்தும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

நெடுவழிப்பயணி எழுதியது:

அக்டோபரில் மீண்டும் நியூயார்க் வர வேண்டியிருக்கிறது. மவுண்ட் சீயோன் இடுகாட்டுக்கு எந்த ரயிலில் வர வேண்டும், எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்று எழுதினால் நன்றியுடையவனாவேன். பொருளாளரின் தூணையும் பார்க்க வேண்டும்.

குவீன்ஸ்வாசி எழுதியது:

சனிக்கிழமை மட்டும் வராதீர்கள், பூட்டியிருக்கும். வரும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள், நானே அழைத்துப் போகிறேன். வழியில் ஒரு கூழாங்கல் பொறுக்கிக்கொள்ளலாம்.